லயத்து வாசலுக்கு வந்த சங்கம்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு தொழிற்சங்கக் கூட்டமைப்பினர் எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்தார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வாசலில் அமர்ந்து, வேலையிலிருந்து விலகும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றித் தமிழில் விளக்கினார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தாலே அதற்கு உரிமை உண்டு என்பதை, முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மா அன்றுதான் அறிந்தார். எனக்கு மனம் வலித்தது.

2015-இல் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். இப்படி வீடு தேடி யாரும் வராததும் அதற்கொரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் மூத்தவர்கள் மலையாளம் பேசுவார்கள், ஆனால் அதை வாசிக்கத் தெரியாது. சங்கத்தினரே, துண்டறிக்கையைத் தமிழிலும் அச்சிடுங்கள். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டியவர்கள் எங்கே போவது என்பதையும் பேசுங்கள். வேலை நாளில் வருவதானால், மாலை ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள்.

தோட்டத் தொழிலாளியின் மகள்,
தேவிகுளம்