அம்மாவின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியவர்களுக்கு

வணக்கம்.

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றதும் வீட்டில் எல்லாரும் கட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினைன் ஏறுவதைப் பார்த்தவர்கள் பினாங்குப் பொது மருத்துவமனை மருத்துவர்கள்தான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இரண்டு குழாய்களையும் அந்தப் புற்றுக்கட்டி நெரித்ததால், சிறுநீர் தேங்கிச் சிறுநீரகங்கள் வீங்கியிருந்தன. முதுகு வழியாக டியூப் போட்டு வெளியே பைகளில் வடியவிட்டீர்கள். கிரியேட்டினைன் அளவு இறங்கிய பிறகே கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் தொடங்கின. அந்த நிதானத்துக்கு முதல் நன்றி.

தாதி அக்காமார்களுக்கு அடுத்தது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கும், மக்னீசியத்தையும் சிறுநீரில் கழித்துவிடும். அதற்காகத்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் உப்புநீர் டிரிப்ஸ். "இவ்வளவு தண்ணியா?" என்று அம்மா சலித்துக்கொண்டபோதெல்லாம் சளைக்காமல் விளக்கம் சொன்னீர்கள். பையை எப்படிக் காலி செய்வது, டியூப் மடங்காமல் எப்படிப் படுப்பது, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு வருவது என்று எனக்குப் பாடமே நடத்தினீர்கள்.

மருந்தகத்துத் தம்பி, வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னீர்கள். அம்மாவின் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, முட்டிவலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபினாக்கைத் தனியே எடுத்து, "இது கூடவே கூடாது அம்மா" என்றீர்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது குறைத்துவிடுமாம். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

எதிர்வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அத்தைக்கு) இதை நானே படித்துக் காட்டவேண்டும். நான் வேலைக்குப் போன நாள்களில் பைகளை அளந்து, பள்ளி நோட்டில் கீரி, கானான் (மலாயில் இடது, வலது) என்று இரண்டு பத்தி போட்டு மில்லி கணக்கு எழுதி வைத்தார். நோட்டைப் பார்த்த டாக்டர் அசந்துபோனார். சொந்தக்காரர் ஒருவர் நட்சத்திரப் பழம் கொண்டுவந்தபோது வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டவரும் அவர்தான். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அந்தப் பழம் விஷம்போல மூளையைத் தாக்கும். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டார், சரி, பரவாயில்லை.

இப்போது வலப்பக்க டியூப் எடுத்தாகிவிட்டது. இடப்பக்கம் இன்னும் இருக்கிறது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதனால் எங்கள் ஊர் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி எங்களை ஏற்றிக்கொண்டுபோன அண்ணனுக்கு நன்றியோடு ஒரு கண்டிப்பும்: அடுத்த தடவை பெட்ரோல் காசு வாங்கிக்கொள்ளாவிட்டால் கிராப் வாடகைக் கார் பிடித்துப் போய்விடுவதாக அம்மா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு மகள், பிறை