கார் கதவுக்கு வாங்கிய துணி ஃபோமை விட்டுப் பிரிந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தையல் கடை நடத்தும் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
ஆன்லைனில் துணி அச்சிட்டுத் தரும் நிறுவனம்.

நாள்: மே 14

பொருள்: கார் உட்புறத்துக்கு ஏற்றது என்று விற்ற ஃபோம் துணி இரண்டு மாதத்தில் பிரிந்தது, உங்கள் மே 7 பதிலை ஏற்க மறுப்பது, பணத்தைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பதில் வந்தது. "பசை அதிகமாகப் பூசியதால் துணி உப்பியுள்ளது. வாடிக்கையாளர் டிசைனில் அச்சிட்ட துணியைத் திரும்பப் பெறுவதில்லை" என்று மொத்தமே இரண்டு வரி. நான் அனுப்பிய ஆறு போட்டோவில் ஒன்றையாவது பெரிதாக்கிப் பார்த்திருந்தால் முதல் வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் இந்த முறை போட்டோ அனுப்பவில்லை. துணியையே வெட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

நான் 20 வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். மாதம் இரண்டு தடவை பர்கூருக்குப் போய்த் துணி எடுத்து வருகிறேன். எந்தத் துணி சாயம் விடும், எது சுருங்கும் என்று கையில் தொட்டே ஓரளவு சொல்லிவிடுவேன். ஆன்லைனில் தொட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் எழுதியதை நம்பித்தான் வாங்கினேன்.

எங்களுடையது 2008 மாடல் மாருதி 800. அந்த வண்டி உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. கதவின் உள்பக்கம் வரும் டோர் பேட் வெயிலில் காய்ந்து, ரெக்சின் வெடித்து, உட்காருகிறவர் முழங்கையைக் கீறிக்கொண்டிருந்தது. பழைய இரும்புக் கடைகளில் தேடினால் எங்களுடையதைவிட மோசமானதுதான் கிடைத்தது. சரி, வீட்டிலேயே துணி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று பீரோவில் இருக்கிறது, அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. அதை வெட்ட மனசு வரவில்லை. அதனால் சேலையைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி, அதே புள்ளியை 3 மி.மீ. ஃபோம் ஒட்டிய துணியில் அச்சிட்டுத் தரச் சொன்னேன். உங்கள் பக்கத்தில் அந்தத் துணிக்குக் கீழே "கார் உட்புறத்துக்கு ஏற்றது, வெயில் தாங்கும்" என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் மீட்டர் 780 ரூபாய் கொடுத்தேன்.

வந்த துணியில் மிளகு அளவு இருக்க வேண்டிய புள்ளி சுண்டைக்காய் அளவில் இருந்தது. அதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. அளவைப் பதிவு செய்யும்போது செ.மீ. என்று நினைத்து அங்குலத்தில் போட்டிருப்பேன் போல. அது என் தவறு. தவறு என்னுடையதாக இருந்தால் ஒத்துக்கொள்வேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி நான் எப்படி ஒட்டினேன் என்று கேளுங்கள். பசை அதிகம் என்று எழுதிய உங்கள் ஆளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பிப்ரவரி மூன்றாவது வாரம், ஒரு சனி ஞாயிறு. முதலில் கைப்பிடி ஸ்குரூவைக் கழற்றினேன். கண்ணாடி ஏற்றி இறக்கும் ஹேண்டிலுக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். பழைய காடாத் துணியை ஹேண்டிலுக்கும் வாஷருக்கும் நடுவில் விட்டு, செருப்புத் துடைப்பது போல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும். முதல் கிளிப் தெறித்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. என் கடையில் ஊசி பொறுக்கும் காந்தத்தை வைத்துத்தான் அதை எடுத்தேன். அப்புறம் பேடின் ஓரத்தில் தட்டையான கரண்டிக் காம்பை நுழைத்து, பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். உள்ளே கதவில் ஒட்டியிருந்த பாலிதீன் தாளைக் கிழிக்கவில்லை. அது கிழிந்தால் மழைத் தண்ணீர் பேடுக்கு வந்து அட்டை ஊறிப்போகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

பழைய ரெக்சினை உரித்து, ஹார்ட்போர்டில் காய்ந்திருந்த பசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பகல் நிழலில் உலர வைத்தேன். தினசரித் தாளில் அளவு வெட்டினேன். ஓரத்துக்கு ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு, வளைவு வரும் இடங்களில் பிளவுஸ் கழுத்துக்குப் போடுவது போல நாட்ச் (ஓரத்தில் சின்ன வெட்டு) போட்டேன். துணியோடு உங்களிடமே வாங்கிய பசைக் கிட்டில் இருந்த பசையை அட்டையிலும் ஃபோமிலும் பழைய பல் சீப்பால் மெல்லிசாக இழுத்துவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருந்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே ஒட்டி, ராத்திரி முழுக்க மேலே பலகை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வண்டியைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் எந்தக் குஷன் கடையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தச் சந்தோஷம் பங்குனிவரைக்கும்தான்.

மார்ச் கடைசியில் டிரைவர் பக்கக் கதவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம் வந்தது. ஏப்ரல் பாதியில் மூன்று கதவும் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. என் வீட்டுக்காரர் மாந்தோப்பு குத்தகை எடுத்திருக்கிறார். சீசனில் வண்டி பகல் முழுக்கத் தோப்பு வாசலில் வெயிலில்தான் நிற்கும். கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள் வெளியில் இருப்பதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் என்று கார் துணி விற்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் போட்ட ஒட்டு அட்டைக்கும் ஃபோமுக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் போட்ட ஒட்டு ஃபோமுக்கும் துணிக்கும் நடுவில். பசை அதிகமோ குறைவோ, என் கைத் தவறாக இருந்தால் ஃபோம் அட்டையை விட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிரைவர் பக்கப் பேடைக் கழற்றி மேசையில் போட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். துணி மட்டும் வாழைப்பழத் தோல் மாதிரி கையோடு வந்தது. ஃபோம் அட்டையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கத்தியால் சுரண்டினால்கூடக் கீழே இருக்கும் ஒட்டு விடவில்லை. பிரிந்த மேல்பக்கம் பழுத்த மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் கடலை மாவு போல உதிர்கிறது.

துணியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சின்னப் பசைப் புள்ளிகள் தெரியும். கிருஷ்ணகிரியில் குஷன் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்ததும் சொன்னார்: "இது சூட்டில் இளகுற பசைம்மா. கைப்பைக்கும் ஷூவுக்கும் சரி. கார் கம்பெனித் துணியில் ஃபோம் முகத்தை நெருப்பில் லேசா உருக்கி அப்படியே துணியோட அழுத்திருவாங்க." உங்கள் ஆலையில் எந்த முறை என்று எனக்குத் தெரிவியுங்கள். அம்மா சேலையின் புள்ளிக்கு நேர் பின்னால் உங்கள் பசைப் புள்ளி வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான்காவது கதவு ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லவில்லை. பின் இடது பக்கக் கதவுக்கு உங்கள் துணி போடவில்லை, ஏனென்றால் துணி போதவில்லை. 2 மீட்டர் என்றால் 78 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். என் டேப்பில் 70 அங்குலம்தான் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது 74. புள்ளிக்குத் திசை கிடையாது என்பதால் குறுக்கே திருப்பிப் போட்டு மூன்றாவது கதவை ஒப்பேற்றினேன். நான்காவதுக்குக் குஷன் கடையில் அரக்கு நிற ரெக்சின் வாங்கிப் போட்டேன். அதே கிட்டில் இருந்த பசை, அதே ஞாயிற்றுக்கிழமை, அதே கை, அதே வெயில். இன்றைக்கும் ஒரு சுருக்கம் இல்லை. உங்கள் பசைக்கு நானே சான்று எழுதித் தருகிறேன், நல்ல பசை. துணிதான் சரியில்லை. அளவு குறைந்ததைப் பிப்ரவரியிலேயே உங்கள் சாட்டில் எழுதினேன். "அச்சில் சிறிது சுருங்கும்" என்றார்கள். 8 அங்குலம் சிறிதா? என் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அரை அங்குலம் குறைத்தால் சட்டையை என் முகத்திலேயே எறிவார்கள்.

மிச்சம் விழுந்த துண்டையும் விடவில்லை. அதில் ஒரு சொட்டுப் பசைகூட நான் தொடவில்லை. இரண்டாக வெட்டி, ஒன்றைப் பீரோவில் வைத்தேன். மற்றதை காரின் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் போட்டேன். நாலாம் நாள் தட்டில் கிடந்தது தானாகவே வாய் பிளந்துவிட்டது. உறைக்குள் சிவப்பு நூல் கட்டியிருப்பது அதுதான். வெள்ளை நூல் கட்டியது பீரோவில் இருந்தது. அது இன்னும் பிரியவில்லை என்றாலும் நகம் வைத்தால் வருகிறது. இந்த இரண்டுக்கும் நான் எங்கே பசை அதிகம் பூசினேன் என்று எழுதுங்கள்.

சாயமும் விடுகிறது. ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்ததில் அரக்குக் கறை ஏறியது. என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை இரண்டின் வலது முழங்கையில் அதே நிறம். இதைத் தனியாக வளர்க்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

"டிசைன் துணிக்குத் திரும்பப்பெறுதல் இல்லை" என்ற உங்கள் இரண்டாவது வரிக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. டிசைன் பிடிக்கவில்லை என்று நான் திருப்பவில்லை. வெயில் தாங்கும் என்று சொன்ன துணி வெயில் தாங்கவில்லை. புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பதும் அதே விதிகள்தான். நான் ஏப்ரல் 18-ல் எழுதியதற்கு ஒப்புகையே வரவில்லை. 19 நாள் கழித்துத்தான் அந்த இரண்டு வரி வந்தது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. துணிக்கு 1,560, பசைக் கிட்டுக்கு 420, கூரியருக்கு 120, ஆக 2,100 ரூபாய். மூன்று பேடிலும் ஒட்டியிருக்கும் ஃபோமைச் சுரண்டி எடுத்து ரெக்சின் போடக் குஷன் கடையில் கேட்பது 1,800. மொத்தம் 3,900 ரூபாய். என் இரண்டு நாள் வேலைக்குக் கூலி கேட்கவில்லை, என் ஆசைக்குச் செய்தது அது. இன்னொரு துணி அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டாம். அதே துணிதான் வரும்.

பணத்தோடு இன்னொன்றும் வேண்டும். கார் உட்புறத்துக்கு ஏற்றது என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க மாட்டோம் என்றால், வாகனத்துக்குள் போடும் பொருள் எவ்வளவு வேகமாக எரிகிறது என்று பார்க்கும் ஐ.எஸ். 15061 தரநிலைப்படி இந்தத் துணியைச் சோதித்த அறிக்கையின் நகலை அனுப்புங்கள். பசை விட்ட துணியோடு காரில் போகலாம். தீப்பிடித்தால் மளமளவென்று பரவுகிற துணியோடு குழந்தைகளை உட்கார வைக்க முடியாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆணையத்துக்கு டிரைவர் பக்கப் பேடையே எடுத்துக்கொண்டு வருவேன். அதற்காகவே அதைச் சுரண்டாமல் வைத்திருக்கிறேன்.

உறையைக் கவனமாகப் பிரியுங்கள். சிவப்பு நூல் துண்டிலிருந்து மஞ்சள் தூள் மேசையில் கொட்டும்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் வாடிக்கையாளர்