செந்திலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செந்தில்,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பேக்கப் ஸ்கிரிப்ட் தினமும் ஓடுகிறது, பிழை எதுவும் காட்டவில்லை, மெயில் மட்டும் வருவதில்லை என்றாய். கட்டளைகளைப் போனில் சொன்னால் புரியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் ஸ்கிரிப்ட் கூப்பிடும் மெயில் கட்டளை கடிதத்தைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, கண்ணா. அதே மெஷினில் தபால்காரர் வேலை பார்க்கும் சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரியான ஒரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டு முடிந்துவிடும். கட்டளை பிழையில்லை என்பதற்கு அடையாளமாகப் பூஜ்யம் என்று திருப்பிச் சொன்னால் ஒப்படைத்துவிட்டேன் என்றுதான் அர்த்தம், போய்ச் சேர்ந்தது என்றில்லை.

முதலில் மெயில்க்யூ (mailq) என்று அடித்துப் பார், இன்னும் போகாமல் வரிசையில் காத்திருக்கும் மெயில்களைக் காட்டும். நீ அனுப்பியதெல்லாம் அனேகமாக அங்கேதான் கிடக்கும், பக்கத்தில் காரணமும் இருக்கும். 'டைம்ட் அவுட்', அதாவது காத்திருந்தும் பதில் வரவில்லை என்றிருந்தால், மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட்டை அனேகமாக அடைத்திருக்கிறார்கள். ஸ்பேமுக்குப் பயந்து கிளவுட் மெஷின்களில் இப்படிச் செய்வது வழக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் முடியவில்லை என்று திருப்பி அனுப்பும். அந்தத் தகவலும் உன் இன்பாக்ஸுக்கு வராது. ஸ்கிரிப்ட் ரூட்டாக, அதாவது மெஷினின் நிர்வாகி கணக்கில் ஓடினால், அதே மெஷினில் யாரும் திறக்காத ரூட்டின் பெட்டியில்தான் விழும்.

சரி, என்ன செய்யலாம்? எம்எஸ்எம்டிபி (msmtp) என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது, அதைப் போடு. 587ஆம் போர்ட் வழியாக உன் நிஜ மெயில் கணக்கில் நுழைந்து அனுப்பும். ஜிமெயில் என்றால் உன் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது; இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு இந்த மாதிரி நிரல்களுக்கென்றே கொடுக்கும் ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். அது இருக்கும் கோப்புக்கு அனுமதி 600, அதாவது கோப்பின் சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்; மறந்துவிடாதே. உனக்குப் போன தடவையே இதைச் சொன்னேன்.

மற்றபடி மெயில் கட்டளையில் மைனஸ் எஸ் (-s) போட்டுத் தலைப்பு, அப்புறம் முகவரி, கோப்பை உள்ளே திருப்பிவிடுவது எல்லாம் நான் லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றதுதான், இன்றும் மாறவில்லை. யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே, 1971இல், மெயில் கட்டளை இருந்தது. இத்தனை வருஷம் நிலைத்த ஒன்றில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

இப்போது முக்கியமான விஷயம். உன் ஸ்கிரிப்ட் தோற்றால் மட்டும் மெயில் அனுப்புகிறது என்றாய். நாங்களும் லேபில் அப்படித்தான் வைத்திருந்தோம். ஒரு தடவை மூன்று வாரம் ஒரு மெயிலும் வரவில்லை, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். உண்மையில் பேக்கப்பும் நின்றிருந்தது, மெயிலும் நின்றிருந்தது. டிஸ்க் போனபோது இறுதியாண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வேலை அத்தனையும் போனது. ஒரு பெண் என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் பேக்கப் நன்றாக முடிந்தாலும் தினமும் ஒரு மெயில் போகட்டும். தலைப்பிலேயே தேதியும் கோப்பின் அளவும் இருக்கட்டும். அளவு திடீரென்று குறைந்தால் உடனே கண்ணில் படும்.

முதல் ஒரு மாதம் என் முகவரியையும் அதில் சேர்த்துவிடு. காலையில் காபி போடும்போது பார்த்துவிடுவேன். ஆறரைக்குள் வரவில்லை என்றால் போன் செய்வேன், எடு.

அன்புடன்,
அம்மா