முதலில் மணியைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

கானாவுக்குப் போய் எவே மக்களின் மேளம் கற்கப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றை மட்டும் இந்த அக்கா சொல்ல வேண்டும். பெரிய மேளத்தில் கை வைக்க அவசரப்படாதே. முதலில் மணியைக் கேள்.

கெட்டா பக்கம் நான் கற்கப் போனபோது என் கையில் கொடுத்தது கான்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணி. பெரிய மணியின் மடியில் சின்ன மணி ஒட்டியிருக்கும். பெரியதைத் தாய் தகப்பன் என்றும் சின்னதைப் பிள்ளை என்றும் சொல்வார்கள். அக்பாட்ஜா ஆட்டத்தில் அதன் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு, அதில் 7 அடி. அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரம் அதையே இம்மி பிசகாமல் அடித்துப் பார். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே நான் ஓர் அடியை விட்டுவிட்டேன். உடனே மேளம் தடுமாறியது. ஆடிக்கொண்டிருந்த இருவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பாட்டை நிறுத்தாமலேயே என் மணிக்கட்டில் விரலால் தட்டித் தட்டித் தாளத்தை எடுத்துக் கொடுத்தார். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. மணியைப் பிடுங்கவும் இல்லை.

அங்கே யார் வாசிப்பதும் தனியாக நிற்காது, தம்பி. காகான் என்ற குட்டி மேளத்தைத் தனியே கேட்டால் திக்குவது போலிருக்கும். மணியோடு சேர்ந்ததும் துள்ளும். அக்பாட்ஜாவில் சோகோ என்ற மேளம் முன்னே போய்ப் பேச, கிடி என்ற மேளம் பதில் சொல்லும். பேச்சு என்று சும்மா சொல்லவில்லை. அந்த அடிகளுக்குப் பின்னால் எவே மொழிச் சொற்கள் இருக்கின்றன. கையசைவைப் படம் பிடிப்பதற்கு முன் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள். மேளத்துக்கும், அந்த மேளத்துக்கு ஆடும் ஆட்டத்துக்கும் அவர்களிடம் 'வு' என்ற ஒரே சொல்தான். அதனால் மேளம் மட்டும் கற்றுக்கொள்கிறேன் என்று நீ சொன்னால் அவர்களுக்கு விளங்காது.

ஆடவும் வேண்டும். போர் ஆட்டத்திலிருந்து வந்த அக்பாட்ஜாவை இப்போது சாவு வீட்டிலும் கல்யாணத்திலும் ஆடுகிறார்கள். முதுகை லேசாக முன்னே சாய்த்து, முழங்கைகளை மடக்கி, தோள்பட்டை எலும்புகள் நெருங்கிப் பிரியும்படி ஆடுவது. அப்புறம் முதுகு வலிக்கும், சரியாகிவிடும்.

முடிந்தால் நவம்பர் முதல் சனிக்கிழமை அன்லோகா ஊரில் இரு. ஹோக்பெட்சோட்சோ திருவிழா. இன்றைய டோகோவில் உள்ள நோட்சே நகரில் அகோகோலி என்ற கொடிய அரசனிடமிருந்து தங்கள் முன்னோர் தப்பி வந்த கதையை அன்று நினைவுகூர்வார்கள். பெண்கள் பல நாள் புழங்கிய தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றி மண்சுவரை ஊறவைத்தார்களாம். சுவரை உடைத்து வெளியேறியவர்கள், உள்ளே போன தடம்போலத் தெரியட்டும் என்று பின்னோக்கி நடந்தார்களாம். அந்தப் பயணத்தில் ஆடியதாகச் சொல்லும் மிசேகோவை அங்கே பார்க்கலாம்.

கிடியின் சொற்களை உனக்கு யார் சொல்லித் தந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. நான் கேட்டு எழுதிவைத்த நோட்டு மழையில் நனைந்து போய்விட்டது.

அன்புடன்,
அக்கா