கமலாவுக்கு, ஆடிக் கூழுக்கு முன்

சாட்ஸ்வர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள கமலா,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குக் குளிர் வந்ததும் முழங்கால் வலி கூடியிருக்கிறது. சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சுகம். பெயர் சூட்டுவது ஆடி கழிந்த பிறகுதான். உன் மருமகள் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாதி தீர்ந்தும் விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய செய்தியை நேற்று இரவு படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணனை, உன் வீட்டுக்காரரை, ஆடிக் கூழுக்குக் கோயிலுக்கு அழைத்துப் போகப் போகிறாய். இனி முகக்கவசமெல்லாம் வேண்டாம், அது பயனில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கமலா, சிறுநீரகம் மாற்றி இன்னும் ஓராண்டு நிறையாத மனிதர் அவர். அது உன் தம்பி கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிவிட்டுப் போகிற காய்ச்சல் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தடுப்பூசி போட்டாயிற்றே என்று சொல்லாதே. உறுப்பு மாற்றியவர்களுக்கு அது மற்றவர்களுக்கு வேலை செய்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை.

நீ சொல்கிற ஆராய்ச்சி எது என்று எனக்குத் தெரியும். 2023 ஜனவரியில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்புதானே? பல ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். மக்களை முகக்கவசம் அணியச் சொன்னால் ஊரில் நோய் பரவுவது குறைகிறதா என்பது அங்கே கேள்வி. தெளிவான விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்கவில்லை என்பதைத்தான் ‘பயனில்லை’ என்று தலைப்புப் போட்டுப் பரப்பினார்கள். அப்படிப் பொருள் கொள்வது தவறு என்று மார்ச் மாதமே காக்ரேனின் தலைமை ஆசிரியர் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையை உனக்கு யாராவது அனுப்பினார்களா? அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் டென்மார்க் ஆய்வு ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. 2020இல் ஏறத்தாழ 6,000 பேரைச் சேர்த்து, பாதிப் பேரை மட்டும் வெளியே போகும்போது சர்ஜிக்கல் மாஸ்க் அணியச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அணியச் சொன்னவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் கொரோனா தொற்று. தற்செயல் என்றே தள்ளிவிடக்கூடிய சின்ன வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னபடி முழுக்க அணிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிக்கும் குறைவு. அதோடு, அணிந்தவரால் பக்கத்தில் இருந்தவர் தப்பினாரா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. என்னைக் கேட்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

பங்களாதேஷில் அந்தக் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் போனார்கள். 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்து, பள்ளிவாசலிலும் சந்தையிலும் நின்று நினைவூட்டினார்கள். அப்படியும் ஒழுங்காக அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகத்தான் கூடினார்கள். பாதிப் பேர்கூட அணியாத இடத்திலேயே, சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு வந்து இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணிக் கவசம் கொடுத்த கிராமங்களில் இந்த அளவு தெளிவான பலன் தெரியவில்லை. அண்ணனுக்கு வயது என்ன, கமலா?

நீ வகுப்பு வகுப்பாக வரலாறு நடத்தியவள், உனக்கு அந்தப் பக்கமாகச் சொன்னால்தான் மனத்தில் இறங்கும். பினாங்கில் பிறந்த வூ லியென்-தே என்ற டாக்டரை நினைவிருக்கிறதா? 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது, இது எலியை மட்டும் நம்பிப் பரவுகிற நோய் இல்லை, மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கிக் கவசம் தைத்து எல்லோரையும் கட்டச் சொன்னார். அவரைவிட மூத்தவரான மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் இந்தச் சீன இளைஞன் எனக்குச் சொல்வதா என்று கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். அது வைரஸ் இல்லை, பாக்டீரியாதான். ஆனால் காற்றில் வருவது எதுவானாலும் மூக்கு, வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

நம் நாட்டுக்கே வருகிறேன். நம் மாகாணத்துத் துகேலா ஃபெரி ஊரை நீ மறந்திருக்க மாட்டாய். முக்கியமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் அங்கே 53 பேருக்கு இருந்ததையும் அவர்களில் 52 பேர் இறந்ததையும் 2006இல் உலகமே பேசியது. அதற்குப் பிறகுதான் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டுகளில் ஜன்னலைத் திறந்து வைக்கிற பழக்கமும் என்95 என்ற இறுக்கமான கவசம் அணிகிற பழக்கமும் கண்டிப்பாயின. அதே காலத்தில் எமலாஹ்லேனியில், நம் பழைய விட்பேங்கில், ஓர் ஆய்வு நடந்தது. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, பொறுமையாகக் கேள். காசநோயாளிகள் 17 பேர் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகள் இருந்த இரண்டு அறைகளுக்கு அனுப்பினார்கள். நோயாளிகள் ஒரு நாள் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் அணிவார்கள், மறுநாள் அணிய மாட்டார்கள். அணிந்த நாளின் காற்று ஓர் அறைக்கு, அணியாத நாளின் காற்று மற்றோர் அறைக்கு. அணியாத நாள் காற்றை மூச்சிழுத்த 90 கினிப்பன்றிகளில் 69க்குத் தொற்று. அணிந்த நாள் காற்றை இழுத்த 90இல் 36க்குத்தான். கினிப்பன்றிகளின் முகத்தில் ஒன்றும் கட்டவில்லை. நோயாளி கட்டியதால் அவை தப்பின. இதைப் படித்த நாளிலிருந்து, இருமல் இருப்பவர்தான் முதலில் முகத்தை மூட வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வைரஸ் துகள் அவ்வளவு சின்னது, துணி இடுக்கில் போய்விடாதா என்று உன் மூத்தவன் கேட்டானாம். கவசம் சல்லடை இல்லை என்று அவனிடம் சொல். வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, நம் எச்சிலின் நுண்துளிகளில் ஏறித்தான் வருகிறது. மிகச் சிறிய துளி நேராகப் போகாமல் தத்தளித்து இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். பெரியது வளைய முடியாமல் மோதும். நடுவில் 0.3 மைக்ரான் அளவுதான் பிடிக்கக் கடினமானது. அந்த அளவையே குறைந்தது 95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பதால்தான் என்95 என்று பெயர். அதன் இழைகளில் மின்னேற்றம் இருக்கிறது. அதனால்தான் அதைச் சோப்புப் போட்டுத் துவைக்கவோ ஸ்பிரிட் தெளிக்கவோ கூடாது, மின்னேற்றம் போய்விடும்.

ஆனால் என்95 வாங்கினால் மட்டும் போதாது, முகத்தோடு பொருந்த வேண்டும். எங்களுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். கவசத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, முன்னால் இருக்கும் சிறு துளை வழியாகக் கசப்பு மருந்தைப் புகைபோலப் பீச்சுவார்கள். தலையை இடமும் வலமும் திருப்பு, மேலும் கீழும் அசை, கொடுத்த தாளைச் சத்தமாகப் படி என்பார்கள். நாக்கில் கசந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். எங்கள் வார்டில் ஆறடி உயர ஆண் நர்ஸ் ஒருவர் தாடியோடு உட்கார்ந்தார், பீச்சிய மறுகணமே முகத்தைச் சுளித்தார். தாடியை மழித்துவிட்டு வந்த பிறகு அதே கவசத்தில் கசப்பே தெரியவில்லை.

புரிந்திருக்குமே. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அண்ணன் வளர்த்து, தடவித் தடவி அழகு பார்க்கிற அந்தத் தாடி போக வேண்டும். நான் சொன்னேன் என்று சொல். உன்னோடு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர், இதையும் தாங்கிக்கொள்வார்.

என்னோடு வார்டில் வேலை பார்த்த தனத்தை நினைக்காமல் இந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. 2020 மார்ச் 5 அன்று நம் மாகாணத்தில்தான் நாட்டின் முதல் கொரோனா நோயாளி என்று அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்களில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கவசத்துக்குப் பஞ்சம். ஆளுக்கு ஒரு என்95, ஒரு வாரத்துக்கு. பணி முடிந்ததும் காகிதப் பையில் போட்டுப் பெயரெழுதி மாட்டிவிட்டுப் போவோம். தனத்தின் பை என் பைக்குப் பக்கத்தில் தொங்கும். வார்டில் அவளைப்போல ஒழுங்காக அணிந்தவள் கிடையாது. 2021 ஜனவரி அலையில் போய்விட்டாள். எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேநீர் அறையை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு கலங்குகிறது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. நோயாளி முன்னால் இறுக்கிக் கட்டியதை அங்கே போய்த்தான் எல்லோரும் கழற்றுவோம், ஒருவர் டப்பாவில் ஒருவர் கை வைத்துச் சாப்பிடுவோம். வேண்டியவர்கள் முன்னால்தான் மனிதர்கள் முகத்தைத் திறக்கிறார்கள், கமலா. அதனால்தான் கோயிலை நினைத்துப் பயப்படுகிறேன். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் உனக்கு வேண்டியவர்கள்.

கூழ் ஊற்றுகிற அன்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆடி நமக்கு நடுக்குளிர்காலம். உங்கள் மாரிட்ஸ்பர்க் குளிருக்குப் பயந்து மண்டபத்தின் கதவு ஜன்னலெல்லாம் அடைத்துவிடுவார்கள். உள்ளே உடுக்கை, பாட்டு, கும்பல். ஃப்ளூ பரவுகிற பருவமும் இதுதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். கவசம் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். வாய்விட்டுப் பாடும்போது பேசுவதைவிட அதிகத் துளிகள் வெளிவருகின்றன. நம் பெண்கள் மாரியம்மன் தாலாட்டைத் தொடங்கினால் எத்தனை நேரம் பாடுவார்கள் என்று உனக்கே தெரியும்.

ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறாய். நானும் அவளை நம்புகிறவள்தான். ஆனால் அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல், உள்ளே இருப்பவரை வெளியே அனுப்பாமல் வைத்தவர்கள் அவளைக் கும்பிட்ட நம் ஆயாக்கள்தானே? காப்பதையும் அவள் பெயரால்தான் செய்தார்கள்.

எல்லா இடத்திலும் கட்ட வேண்டும் என்று சொல்கிறவள் நான் இல்லை. தோட்டத்தில் நிற்கும்போது வேண்டாம், கடற்கரையில் காற்று வாங்கும்போது வேண்டாம். அந்த நாட்களில் திறந்தவெளியில் தனியாக நடந்தவரைக்கூட விரட்டியது எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்படிச் செய்ததால்தான் 2022 ஜூனில் கவசச் சட்டத்தை நீக்கியதும், வேண்டிய இடத்தில்கூட ஜனங்கள் கழற்றி எறிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணன் போகவே கூடாது என்றும் சொல்லவில்லை. கூழுக்கு ஏங்குகிற மனிதர், எனக்குத் தெரியும். கும்பல் சேருவதற்கு முன்னால், காலையிலேயே அழைத்துப் போ. என்95 கட்டி, மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி, பட்டையை ஒன்று உச்சந்தலைக்கும் ஒன்று பிடரிக்கும் போடச் சொல். ஊதிப் பார்க்கும்போது கண்ணில் காற்றுப் பட்டால் சரியாகப் பொருந்தவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வரட்டும். கூழை மரத்தடியில் குடிக்கட்டும், அப்போது கழற்றலாம். வீட்டில் யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் அன்றைக்கே அவர் முகத்தில் கவசம் ஏற வேண்டும், பேரப்பிள்ளைகள் உட்பட. கூழ் ஊற்றுகிற பெண்களிடம் நீயே பேசு. உன் வாய்க்கு எதிர்வாய் பேச நார்த்டேலில் யாரும் இல்லை.

புதன்கிழமை என் மருமகன் வேலையாக அந்தப் பக்கம் வருகிறான். அவனிடம் ஒரு பெட்டி என்95 கொடுத்தனுப்புகிறேன், இரண்டு அளவு வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து எழுது. தாடியோடு பார்க்காதே.

அன்புடன்,
சரோஜா