படத்தைப் பார்த்துப் பேனாவின் நிறம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பேனாக்களைப் பற்றி வந்த கட்டுரையை ரங்கூனில் இருந்தபடி படித்தேன். கட்டுரையில் குறையில்லை. ஆனால் பார்க்கர் 51 படத்தின் கீழே ‘அபூர்வமான பிளம் நிறம்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மொகல் தெருப் பக்கம் (இப்போது ஷ்வே பொன்தா தெரு) பேனா பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தப் படத்தை வைத்து, பிளம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

பார்க்கர் 51 கடைக்கு வந்தது 1941இல். பிளம் நிறம் 1948இல், அமுக்கி மை நிரப்பும் ஏரோமெட்ரிக் வகையோடு வந்து, கொஞ்ச காலத்திலேயே நின்றுபோனது. பர்கண்டியோ பல ஆண்டுகள் ஓடிய நிறம். ஆகவே பர்கண்டியைப் பிளம் என்று சொல்லிவிட்டால் விலை தானாக ஏறுகிறது. பிளம் என்றால் பழுத்த மங்குஸ்தான் தோலின் நிறம். அடியில் ஊதா நிற்கும். பர்கண்டியில் அந்த ஊதா இராது, சிவப்பு கலந்த மெரூன்தான். இரண்டுமே அடர்நிறம் என்பதால் அறைக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டும் கருஞ்சிவப்பாகவே தெரியும்.

விளக்கு வேறு ஏமாற்றும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு. அதில் ஊதா மங்கிப் பிளம் பர்கண்டியாகிவிடும். நீலம் தூக்கலான வெள்ளை எல்இடியில் பர்கண்டிக்கே ஊதா பூத்துவிடும். கைபேசி கேமராவோ விளக்குக்குத் தக்கபடி நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. இங்கே மின்வெட்டு நேரத்தில் பாட்டரி விளக்கில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு.

அப்படி வாங்கிய ஒரு தம்பி என்னிடம் வந்தார். “ஐயா, விற்றவர் பிளம் என்றார். எனக்கு என்னவோ இரண்டு நிறமாகத் தெரிகிறது” என்றார். பேனாவை வாசல் நிழலுக்குக் கொண்டுபோய் வெள்ளைத் தாள் மேல் வைத்தேன். நிறம் பார்க்கவென்றே ஒரு பர்கண்டி பேனாவை விற்காமல் வைத்திருக்கிறேன். அதையும் பக்கத்தில் வைத்தேன். பின்பகுதி அதோடு அச்சாகப் பொருந்தியது. நிப்பை மூடியிருக்கும் முன்கூடு மட்டும் தனியாக ஊதா காட்டியது. இளஞ்சூடு காட்டி அரக்கை இளக்கிக் கூட்டைக் கழற்றினேன். உட்புறமும் அதே ஊதா. முன்கூடு பிளம், உடல் பர்கண்டி. யாரோ இரண்டு பேனாவை ஒன்றாக்கியிருக்கிறார்கள். உடலில் இருந்த முத்திரை எழுத்துகளோ மெருகேற்றித் தேய்த்ததில் காணாமல் போயிருந்தன. பேனா நன்றாக எழுதுகிறது, அதில் சந்தேகமில்லை. தம்பி கொடுத்த விலைதான் வயிற்றெரிச்சல்.

நல்லவேளையாக 51இன் உடல் லூசைட் என்னும் அக்ரிலிக். நிறம் உள்ளும் புறமும் ஒன்று, தேய்த்தாலும் போகாது. அதற்கு முந்திய பேனாக்களில் இந்த நிம்மதியும் இல்லை. எபோனைட் என்னும் கெட்டி ரப்பரின் கறுப்பு, வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பேறிவிடும். நம் ஊர் மழைக்காலம் ஒன்றே போதும். அதன் பழைய நிறம் தெரிய வேண்டுமானால் மூடிக்குள் மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள். ஷீஃபர் கம்பெனிப் பேனாக்களின் ஜேட் பச்சை செல்லுலாய்டில் (பழைய வகை பிளாஸ்டிக்) பகை உள்ளேயே இருக்கிறது: மை ரப்பர் பையிலிருந்து கசியும் கந்தகம் பச்சையைப் பழுப்பாக்கிவிடும். அதைத் தனி நிறம் என்று சொல்லி விற்கிறவர்களையும் பார்த்தாயிற்று.

வாங்கப் போகும் வாசகர்கள், வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல், நிறம் உறுதியாகத் தெரிந்த இன்னொரு பேனாவோடு சேர்த்துப் படம் கேட்கட்டும். முன்கூடும் உடலும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து, அங்கே அமுக்கும் பொத்தான் இருந்தால் அது ஏரோமெட்ரிக்குக்கு முந்திய வகை. அதைப் பிளம் என்பவரிடம் கூடுதலாக நாலு கேள்வி கேட்கலாம்.

தாங்களும் அந்தப் படத்தைத் தந்தவரிடம், அது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று விசாரித்து அடுத்த ஞாயிறு ஒரு வரி போட்டால் நல்லது. பகலில் எடுத்த வேறு படம் அவரிடம் இருந்தால் அதையே வெளியிடுங்கள். பிளம்தான் என்றால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாக இருப்பேன்.

இப்படிக்கு,
பேனா பழுது பார்ப்பவர்,
ரங்கூன்