வெயிலை நம்பிக் கொசுவை மறக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொசுவின் நோய் எதிர்ப்பாற்றல் குறித்தும், மாறிவரும் தட்பவெப்பத்தில் மலேரியாவின் போக்கு எப்படி அமையும் என்பது குறித்தும் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதை எனக்கு முன்பே படித்துவிட்ட நண்பர் ஒருவர், "நம்ம வெயிலூர்ல எந்தக் கொசு சார் பிழைக்கும்?" என்று சிரித்தார். வேலூர்க்காரர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வேடிக்கைதான் அது. ஆனால் பள்ளியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்பதால் இந்த முறை என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

கொசு நம்மைப் போல எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதில்லை. ஆயினும் மலேரியாக் கிருமியை எதிர்க்க அதனிடம் வேறு ஆயுதங்கள் உண்டு. நோயாளியின் இரத்தத்தோடு, மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் இனப் பெண்கொசுவின் வயிற்றுக்குள் போகும் கிருமி, அங்கே ஆண் பெண் அணுக்களாகக் கூடிக் கருவாகி, ஏறத்தாழ ஒரு நாளில் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கிறது. பெரும்பாலானவை மடிவது அந்த இடத்தில்தான். குடற்சுவரின் செல்களில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. கொசுவின் உடல்நீரில் உள்ள ஒரு புரதம் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அழிவுக்கு உள்ளாக்குகிறது. சில கொசுக்களில் கிருமியைச் சுற்றிக் கருநிறமி படிந்து, அது கரித்துண்டு போல உறைந்துவிடுகிறது. இவ்வாறு கிருமியைக் கருக்கிவிடும் ஒரு கொசுவகையை 1986ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்துக் காட்டினார்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் நுண்ணோக்கி வழியாகக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டது, இந்தத் தாக்குதல்களுக்கெல்லாம் தப்பிப் பிழைத்த சில கிருமிகளைத்தான் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

கொசு குளிர்ந்த குருதி உயிரி. சுற்றுப்புறத்தின் சூடே அதன் உடலின் சூடு. ஆகவே அதன் எதிர்ப்பாற்றலும் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதில் வியப்பில்லை. வியப்பு, அது மாறும் விதத்தில் இருக்கிறது. நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசுவை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஆயுதங்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் கூர்மையடைவதில்லை, சில குளிர்ச்சியிலும் வேறு சில சூட்டிலும் ஓங்குகின்றன என்று காட்டியது. இதனோடு கிருமியின் வளர்ச்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 25 டிகிரி செல்சியசில், மலேரியாக் கிருமிகளில் ஒரு வகையான வைவாக்ஸ் கொசுவினுள் முதிர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பத்து நாள் அளவில் ஆகிறது, சூடு கூடினால் அந்த நாட்கள் குறையும், கொசுவின் ஆயுளும் குறையும். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் மலேரியா பரவலுக்கு மிக உகந்தது 25 டிகிரி அளவே என்றும், 28ஐத் தாண்டினால் பரவல் சரியும் என்றும் 2013இல் எழுதினார்கள். என் நண்பரின் சிரிப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று தோன்றும்.

ஆனால் எந்த இடத்தின் வெப்பநிலை? தங்கள் நாளிதழில் அச்சாகும் வேலூரின் வெப்பநிலை, வானிலை நிலையத்தில் ஒரு வெள்ளைக் கூண்டுக்குள் அளந்தது. கொசு அந்தக் கூண்டில் குடியிருக்கவில்லை. சென்ற கத்திரி வெயிலில் ஒரு நாள் பிற்பகல், மொட்டைமாடியில் ஒரு வெப்பமானியையும், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருண்ட குளியலறையில் இன்னொன்றையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையே பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தது. குளியலறைச் சுவரில், தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கியபடி, ஓர் ஆணியைச் சாய்வாக அடித்ததுபோல உட்கார்ந்திருந்தது ஒரு கொசு. அனாபிலசுக்கே உரிய இருப்பு அது.

அன்று மாலையே மேல்நிலைத் தொட்டியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடி விரிசல் விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன, குற்றம் என்னுடையதுதான். டெங்குக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். தொட்டியில் நான் கண்ட புழுக்களோ, அனாபிலஸ் புழுவைப் போல, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தாற்போல் மிதந்தன. வெளிச்சம் பட்டதும் பக்கவாட்டில் வெட்டி நகர்ந்தன. வெளியே தார் இளகும் நாளில், மழையே இல்லாத மாதத்தில், நாங்கள் சேமித்து வைத்த குடிநீரில்!

கோடையில் பாலாறு வறண்டு, குழாய்த் தண்ணீர் பல நாட்களுக்கு ஒரு முறை என்றாகும்போது, கிடைக்கிற தொட்டியிலும் டிரம்மிலும் நாம் நிரப்பி வைக்கிறோம். வெளியில் குட்டை வற்றினால் என்ன, ஸ்டீபன்சிக்கு நாமே குளம் வெட்டிக் கொடுக்கிறோம். இதே கொசு கடல் கடந்து 2012இல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022இல் இதே கொசுவால் மலேரியா வெடித்தபோது அது மழையற்ற காலம். காய்ச்சல் என்றால் மழைக்காலம் என்று எண்ணும் நம் பழக்கத்துக்கு இது ஓர் எச்சரிக்கை. போதாக்குறைக்கு, வைவாக்ஸ் கிருமி நோயாளியின் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. கொசு குறைந்த மாதங்களை அது அங்கேயே கடத்திவிடும்.

எங்கள் தெருவுக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றும் பணியாளர்கள் ஐப்பசி மழையோடு வருகிறார்கள், தையில் மறைந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்புகிறவர்களின் நாட்காட்டி அப்படி. சித்திரையிலும் வைகாசியிலும் தொட்டிகளைப் பார்க்க அதே பணியாளர்களை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் கல்லூரி விலங்கியல் துறைகள், ஆய்வகத்தின் ஒரே சீரான வெப்பத்தை விட்டு, கிணற்றுக்குள்ளும் தொட்டி மூடியின் கீழும் குளியலறை இருட்டிலும் ஆண்டு முழுவதும் வெப்பநிலையைக் குறித்து, அந்தச் சூட்டில் இந்தக் கொசுவின் எதிர்ப்பாற்றல் எப்படி இருக்கிறது என்று ஆராயலாம். ஒரு வெப்பமானிக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

என் வீட்டுத் தொட்டிக்குப் புது மூடி போட்டாகிவிட்டது. நண்பரின் தொட்டியை வரும் ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்ப்பதாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.